ஸ்டிக்கரைக் கும்பிடுற மக்களே, கொஞ்சம் பின்மூடியைக் கழட்டிப் பாருங்க!

பழைய கலர் டிவியைப் பத்தி நம்ம பதிவருங்க எழுதறதைப் படிச்சுப் படிச்சு கண்ணுல ரத்தம் வராத குறைதான். "எங்க வீட்டு ஒனிடா பதினெட்டு வருஷம் ஓடுச்சு", "பிபிஎல்னா பிபிஎல்தான்", "அப்பல்லாம் பிராண்டுக்கு ஒரு மருவாதி இருந்துச்சு, இப்ப எல்லாமே சைனா ஸ்டிக்கர்". இதே பல்லவி, வேற வேற சரணம்.

நான் எலெக்ட்ரானிக்ஸ் புலி எல்லாம் கிடையாது. பழைய டிவிப் பொட்டியைக் கழட்டி மாட்டறது எனக்குப் பொழுதுபோக்கு, அவ்ளோதான். கோட்டக்குப்பத்துல எங்க வீட்டு மாடி ரூம்ல ஏழெட்டு செட்டு கிடக்கு. அத்தனையையும் கழட்டிப் பார்த்த திமிர்ல சொல்றேன்: உங்க டிவியை அத்தனை வருஷம் ஓட வெச்சது முன்னாடி ஒட்டியிருந்த பேரு இல்லை. உள்ள இருந்த சேஸிஸ். அந்த சேஸிஸ் பல நேரம் அந்தக் கம்பெனியோட சொந்தச் சரக்கே இல்லை.

சேஸிஸ்னா என்னன்னு கேக்கறவங்களுக்கு: பிக்சர் டியூப், ஸ்பீக்கர், பிளாஸ்டிக் கூடு இதையெல்லாம் தள்ளிட்டுப் பார்த்தா மிச்சம் இருக்கிற பெரிய போர்டு. பவர் சப்ளை, டியூனர், டியூப்புக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் கொடுக்கிற ஈ.எச்.டி எல்லாம் அதுலதான். டிவியோட உயிரே அங்கதான் இருக்கு.

எங்க ஊர் புதுச்சேரி எல்லையை ஒட்டின ஊரு. வளைகுடா, சிங்கப்பூர், பிரான்ஸ்னு போகாத குடும்பம் கம்மி. சிங்கப்பூர் செட்டு பிரச்சினை இல்லை, அங்கயும் பால் சிஸ்டம்தான். பிரான்ஸ்ல அப்போ செகாம். படத்தை அனுப்பற முறையே தலைகீழ், சத்தமும் ஏஎம். அந்த ஊருக்குன்னே செஞ்ச செட்டை இங்க ஆன்டெனாவுல மாட்டினா தூர்தர்ஷன் நெகட்டிவ் ஃபிலிம் மாதிரி தெரியும், சத்தம் வராது. "பெரிய பிராண்டு"ன்னு பெருமையா இறக்கினவங்க பட்ட பாடு எங்க தெருவுக்கே தெரியும்.

அந்தப் பெரிய பிராண்டுங்க கதையைக் கேளுங்க. பிரான்ஸோட தாம்சன் கம்பெனி ஜெர்மனியில நார்ட்மெண்டெ, சாபா, அப்புறம் 1983-ல டெலிஃபங்கன்னு வரிசையா வாங்கிச்சு. 1987-ல பிரிட்டன்ல ஃபெர்குசனையும் வாங்கிச்சு. பால் கலர் முறையைக் கண்டுபிடிச்ச வால்டர் ப்ரூக் வேலை பார்த்தது டெலிஃபங்கன்லதான். அப்பேர்ப்பட்ட கம்பெனியே செகாம் நாட்டுக்காரன் கையில ஒரு ஸ்டிக்கர் ஆயிடுச்சு! ஐசிசி5 மாதிரி ஒரே சேஸிஸ் குடும்பத்தை வெச்சுக்கிட்டு அஞ்சாறு பேருல வித்தாங்க. ஜெர்மன்காரன் ஜெர்மன் டிவின்னு நெனச்சு வாங்கினான். பிரிட்டிஷ்காரன் பிரிட்டிஷ் டிவின்னு நெனச்சு வாங்கினான்.

நம்ம நாட்டுக்கு வருவோம். 1982 ஆசிய விளையாட்டை ஒட்டி தூர்தர்ஷன் கலருக்கு மாறினப்ப, பெரும்பாலான இந்தியக் கம்பெனிங்க வெளிநாட்டு டிசைனை நம்பித்தான் கலர்ல இறங்கினாங்க. ஒனிடாவுக்கு ஜேவிசி, பிபிஎல்லுக்கு சான்யோ, வீடியோகானுக்கு டோஷிபா. நீங்க "நம்ம பிராண்டு"ன்னு கட்டிப் பிடிச்சு அழறதோட பூர்வீகம் அதுதான். அப்புறம் வீடியோகானே சான்சூய், அகாய்னு ஜப்பான் பேருகளை இங்க வித்துச்சு. 2010-ல ஃபிலிப்ஸ் டிவியும் அவங்க லைசென்ஸுக்குள்ள போச்சு. கடையில பக்கத்துப் பக்கத்துல நின்னுக்கிட்டு "சான்சூயா வீடியோகானா"ன்னு குடும்பமே சண்டை போட்டது ஞாபகம் இருக்கா? :-)

இங்கதான் நிறைய பேரு தப்பான பக்கம் திரும்பிடறாங்க. "ஐயோ, எல்லாம் ஒண்ணா? ஏமாத்திட்டானுங்களே!"ன்னு. இல்லீங்க. சேஸிஸ் பொதுவா இருந்தது நமக்குக் கிடைச்ச வரம்.

ஏன்னு கேளுங்க. நாங்க இருக்கறது உப்புக் காத்து ஊரு. ஈசிஆர்ல வடக்க போனா மரக்காணம் உப்பளம், கிழக்க கடல். ஐப்பசி கார்த்திகை ஈரத்துல டியூப்போட ஈ.எச்.டி மூடியைச் சுத்தி உப்பும் தூசியும் படிஞ்சு 'சிடு சிடு'ன்னு ஊதா நிறத்துல பொறி பறக்கும். போர்டுல பச்சை பூக்கும். இங்க எந்த பிராண்டும் தானா இருபது வருஷம் ஓடாது. ரிப்பேர் பண்ணிப் பண்ணித்தான் ஓடும். ரிப்பேர் பண்ண முடிஞ்சதுக்குக் காரணம், சான்யோவோட எல்ஏ76810 மாதிரி ஒரே ஐசி எத்தனையோ பேருல வந்த செட்டுங்களுக்குள்ள உட்கார்ந்திருந்தது. ஒரு சேஸிஸைக் கத்துக்கிட்ட மெக்கானிக் பத்து பிராண்டுக்கு டாக்டர். ஐசி ரிச்சி ஸ்ட்ரீட்ல கிடைக்கும், சர்க்யூட் டயகிராம் புத்தகமாவே விக்கும். சாலிடேர், டயனோரான்னு சென்னைக் கம்பெனிங்க ஓய்ஞ்சு போன பிறகும் அந்த செட்டுங்க வீடுகள்ல ஓடினது இப்படித்தான்.

இன்னொரு உதாரணம், 2006 செப்டம்பர்ல ஆரம்பிச்ச அரசு இலவச டிவி. எல்காட் டெண்டர், பதினாலு இஞ்ச், ஒன்றரைக் கோடிக்கு மேல செட்டு, பல கம்பெனி சப்ளை. "ஓசி டிவி, ஒரு மாசம் தாங்காது"ன்னு நக்கல் அடிச்சவங்க எத்தனை பேரு! 2011-ல திட்டம் நின்னு பல வருஷம் கழிச்சும் எங்க பக்கம் மீனவர் குப்பங்கள்ல அது ஓடிக்கிட்டு இருந்ததைப் பார்த்திருக்கேன். ஒரு செட்டு செத்தா அதோட போர்டு இன்னொண்ணுக்கு உயிர் கொடுக்கும்.

"அப்போ எல்லா டிவியும் ஒண்ணா?"ன்னு மடக்காதீங்க. சேஸிஸ் ஒண்ணா இருந்தாலும் போடற கெப்பாசிட்டர் தரம், பத்தவெச்ச நேர்த்தி, டியூப், ஸ்பீக்கர் எல்லாம் மாறும். அதுக்குக் கொஞ்சம் காசு கூடக் கொடுக்கலாம், தப்பில்லை. வெறும் பேருக்குக் கொடுக்கறதுதான் தண்டம்.

இப்போ என் கோவத்துக்கு வர்றேன். இன்னிக்கும் ஸ்டிக்கர் வியாபாரம்தான் நடக்குது. ஊரையெல்லாம் வாங்கி ஸ்டிக்கர் ஒட்டின தாம்சனே கடைசியில ஒரு ஸ்டிக்கர் ஆகி, 2018-ல நொய்டா சூப்பர் பிளாஸ்ட்ரானிக்ஸ் லைசென்ஸ்ல இந்தியாவுல எல்இடி டிவியா வந்துச்சு. கோடக் பேருலயும் டிவி விட்டது அதே கம்பெனிதான். அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. போர்டும் இன்னிக்கும் பொதுதான், ஒரே நம்பர் போட்ட மெயின் போர்டு எத்தனையோ பிராண்டுக்குள்ள இருக்கு. காணாமப் போனது சர்க்யூட் டயகிராம். போதாக்குறைக்கு பேனலுக்கு ஏத்த சாஃப்ட்வேர் ஏத்தணும், அந்த ஃபைலை வெளிய விடமாட்டாங்க.

எங்க வீட்டு எல்இடி டிவி (பிராண்டு வேணாம் விடுங்க) மூணாவது வருஷம் படுத்துச்சு. சர்வீஸ் ஆளு பின்மூடியைக்கூடத் தொடலை. "போர்டு வர்றதில்ல சார், புதுசு வாங்கிடுங்க"ன்னுட்டுப் போயிட்டாரு. நானே கழட்டி, போர்டு நம்பரைத் தேடி, அதே போர்டை ரிச்சி ஸ்ட்ரீட்ல புது டிவி விலையில பத்துல ஒரு பங்குக்கும் கம்மியா வாங்கினேன். சரியான சாஃப்ட்வேர் ஃபைலுக்குத்தான் ரெண்டு வாரம் நாயா அலைஞ்சேன். கழட்டத் தெரியாதவங்க என்ன பண்ணுவாங்க? நல்ல பேனலைக் குப்பையில போடுவாங்க.

2022-ல மத்திய நுகர்வோர் துறை 'பழுதுபார்க்கும் உரிமை'க்குக் கமிட்டி போட்டு, இணையதளமும் திறந்துச்சு. நல்லது. ஆனா சர்க்யூட் டயகிராமும் சாஃப்ட்வேர் ஃபைலும் தெருமுனை மெக்கானிக் கைக்கு வராத வரைக்கும் அந்த உரிமை காகிதத்துலதான் இருக்கும்.

அதனால மக்கா, அடுத்த தடவை டிவி வாங்கப் போனா பேரைப் பார்த்து மயங்காதீங்க. அட்டைப் பெட்டியில பொடி எழுத்துல "தயாரித்தவர்"னு ஒரு முகவரி இருக்கும், சட்டப்படி இருந்தாகணும். அதைப் படிங்க. போர்டு, சாஃப்ட்வேர் எத்தனை வருஷம் கிடைக்கும்னு கடைக்காரர்கிட்ட கேளுங்க. அவர் முழிப்பாரு, முழிக்கட்டும். நூறு பேரு கேட்டா நூத்தியோராவது ஆளுக்காவது பதில் தயாரா வெச்சிருப்பாரு.

பழைய டிவிக்காக ஏங்கறதுன்னா தாராளமா ஏங்குங்க. ஆனா ஒனிடா பிசாசுக்காக ஏங்காதீங்க, திருப்புளி போட்டா திறந்த அந்தப் பின்மூடிக்காக ஏங்குங்க.

டிஸ்கி: படிச்சுட்டு உடனே பின்மூடியைக் கழட்டிடாதீங்க சாமி. பழைய டியூப் செட்டு பிளக்கைப் பிடுங்கின பிறகும் ஷாக் அடிக்கும். தெரிஞ்சவங்களைப் பக்கத்துல வெச்சுக்குங்க.