எச்சரிக்கை கண்மாய் வழியே போகட்டும்

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. புரட்டாசியில் விதைத்த உளுந்தும் பாசியும் காய்பிடித்து, மக்காச்சோளம் கதிர் வாங்கி நின்ற நேரம். அன்று பிடித்த மழை மறுநாள் காலை வரை ஓயவில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பதிவானது. கோவில்பட்டியில் 50 செ.மீ.-ஐ ஒட்டிப் பெய்தது. ஆண்டு முழுவதற்கும் 70 செ.மீ.-க்குச் சற்றுக் கூடுதலாக மட்டுமே மழை காணும் கரிசல் பூமி இது. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மழை ஒரே நாளில் இறங்கிவிட்டது.

வானிலை மையம் முன்கூட்டியே சரியாகச் சொன்னதா, அரசு காதில் வாங்கியதா என்ற வாதம் சென்னைக்கும் டெல்லிக்கும் இடையே சில வாரங்கள் நடந்தது. பிறகு ஓய்ந்தது. ஆனால், வெள்ளம் வடிந்தபின் வயலில் சந்தித்த ஒரு விவசாயி கேட்ட கேள்விக்கு அந்த வாதத்தில் பதில் இல்லை. "மழை வருதுன்னு டி.வி.யில சொன்னாங்க சார். மேல இருக்கிற கண்மாய் ஒடஞ்சுச்சுன்னு எனக்கு யார் சொல்லணும்?"

கரிசல் மண்ணை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் புரியும். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் இந்த மண், நனைந்ததும் உப்பிக்கொள்கிறது. வெடிப்புகள் மூடிக்கொண்டபின் நீர் உள்ளே இறங்குவது மிகவும் மெதுவாகிவிடும். அதற்குமேல் பெய்வதில் பெரும்பகுதி ஓடையில்தான் சேரும். ஒரு ஹெக்டேரில் 1 செ.மீ. மழை என்றால் 1 லட்சம் லிட்டர், 50 செ.மீ. என்றால் 50 லட்சம் லிட்டர். கண்மாய்க் கரைகளும் பெரும்பாலும் இதே மண்தான். கோடையில் கரையில் விழுந்த வெடிப்பை அடைக்காமல் விட்டால், கண்மாய் பெருகும்போது நீர் அந்த வழியைத்தான் முதலில் தேடும். கரிசலில் வெள்ளம் என்பது வானத்திலிருந்து வருவது பாதி; மேலூரிலிருந்து வருவது மீதி.

அந்த டிசம்பரில் கயத்தாறு, கடம்பூர் வட்டாரங்களில் பெய்த மழைநீர் உப்பாற்று ஓடை வழியாகக் கோரம்பள்ளம் குளத்துக்குத்தான் போனது. குளம் உடைந்து தூத்துக்குடி நகரத்தின் பல பகுதிகள் நாள்கணக்கில் மூழ்கின. கரிசல் காட்டில் விழுந்த நீர் நகரத்தை எட்டச் சில மணி நேரம் ஆகும். அந்தச் சில மணி நேரம்தான் எச்சரிக்கைக்குக் கிடைக்கும் அவகாசம். அதைப் பயன்படுத்த நம்மிடம் ஏற்பாடு இல்லை.

காரணம், எச்சரிக்கை மாவட்ட எல்லைப்படி வருகிறது. நீர் அந்த எல்லையைப் பார்ப்பதில்லை. இருக்கன்குடி அணை விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கிருந்து வைப்பாற்றில் இறங்கும் நீர் தூத்துக்குடி மாவட்டத்து விளாத்திகுளம் பக்கம் போகிறது. கண்மாய்களின் நிர்வாகமும் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை நீர்வளத் துறையிடம். அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடம். ஒரே ஓடையில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு கண்மாய்களுக்கு இரண்டு அலுவலகங்கள். மேல் கண்மாய் மறுகால் பாய்வதைக் கீழ் கண்மாய்க்காரருக்குச் சொல்ல வேண்டிய கடமை யாருக்கும் எழுத்தில் இல்லை. முன்பு நீர்பாய்ச்சிகள் கரைக் காவல் இருந்து, அடுத்த ஊருக்கு ஆள் அனுப்பினார்கள். அந்த வேலை போனது. அதற்கு மாற்று வரவில்லை.

கைபேசிச் செயலிகள் பயனுள்ளவை. பயிர் ஆலோசனைக்கு மேகதூத், இடி மின்னலுக்கு தாமினி, மாநில அரசின் டிஎன்-ஸ்மார்ட் ஆகியவற்றை நாங்களே விவசாயிகளுக்குப் பரிந்துரைக்கிறோம். ஆனால் 2023 வெள்ளத்தில் மின்சாரமும் கைபேசிக் கோபுரங்களும் சேர்ந்தே படுத்துவிட்டன. தண்டோரா போடும் வழக்கத்தை 2022-இல் அரசு நிறுத்தச் சொன்னது. ஒரு சமூகத்தின் தலையில் சுமத்தப்பட்ட வேலை அது என்பதால் சரியான முடிவுதான். அதற்கு மாற்றாக ஒலிபெருக்கி வாகனம் என்றார்கள். ஓடை உடைத்துச் சாலை துண்டிக்கப்பட்ட ஊருக்கு வாகனம் எப்படிப் போகும்? கோயில், பள்ளிவாசல், தேவாலய ஒலிபெருக்கிகள் எல்லா ஊரிலும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பேட்டரி இணைப்பு கொடுத்துவைப்பது பெரிய செலவல்ல.

உதவும் மனத்துக்கு இங்கே பஞ்சமில்லை. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் விரைவு ரயில் வெள்ளத்தில் சிக்கியபோது, தங்கள் வீடுகளிலும் தண்ணீர் சூழ்ந்திருந்த நிலையில், புதுக்குடி மக்கள்தான் நூற்றுக்கணக்கான பயணிகளுக்குச் சமைத்துப் போட்டார்கள். 2018-இல் கேரளத்தில் மீனவர்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிவந்து பல்லாயிரம் பேரைக் கரைசேர்த்தார்கள். ஆனால், எந்த ஊரில் மண் அள்ளும் இயந்திரம் இருக்கிறது, யாரிடம் டீசல் மோட்டார் இருக்கிறது, டீசலுக்கு யார் பணம் தருவது என்று நள்ளிரவில் விசாரித்துக்கொண்டிருந்தால் கரை அதுவரை காத்திருக்காது.

பேரிடர் மேலாண்மைச் சட்டம் (2005) உள்ளாட்சிகளும் தங்கள் பணியாளர்களுக்குப் பயிற்சி அளித்து, சாதனங்களைத் தயாராக வைத்திருக்க வேண்டும் என்கிறது. ஆகவே செய்ய வேண்டியவை நான்கு.

முதலாவது, ஓடைவாரியாகக் கண்மாய்ச் சங்கிலியின் பட்டியல். ஒவ்வொரு கண்மாய்க்கும் இரண்டு பொறுப்பாளர்கள். மேல் ஊர்க்காரர் கீழ் ஊர்க்காரரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

இரண்டாவது, கலுங்கில் மூன்று வண்ணக் குறி. நீர் மஞ்சளைத் தொட்டால் தகவல். சிவப்பைத் தொட்டால் ஒலிபெருக்கி.

மூன்றாவது, பக்கத்து ஊராட்சிகளுக்கிடையே எழுத்து மூலமான உதவி ஒப்பந்தம். டிராக்டர், மோட்டார், மணல் மூட்டை, சமையல் பாத்திரம், வாடகை விகிதம் எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

நான்காவது, கோடை முடிவதற்குள் ஒன்றியமும் நீர்வளத் துறையும் சேர்ந்தே கரை வெடிப்புகளைப் பார்வையிடுவது.

இதற்கெல்லாம் நாள் தேட வேண்டாம். ஆகஸ்ட் 15 கிராம சபையில் பட்டியல், அக்டோபர் 2 கிராம சபையில் ஒப்புதல். வடகிழக்குப் பருவமழை அதற்குப் பிறகுதான். தூத்துக்குடி உள்ளிட்ட மாவட்டங்களில் 2019-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரியில் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. ஊரில் ஆள் மாறலாம், பதவி காலியாகலாம். பட்டியல் எழுத்தில் இருந்தால் யார் வந்தாலும் அதைக் கையில் எடுக்கலாம்.

விவசாயிகளுக்கும் வேலை இருக்கிறது. கனமழை அறிவிப்பு வந்ததும் முற்றிய உளுந்து, பாசியைப் பறித்து மேடான இடம் சேருங்கள். வயலின் தாழ்ந்த மூலையில் வடிகால் வெட்டுங்கள், மேலுரத்தைத் தள்ளிப்போடுங்கள். வயலில் வெள்ளம் தேங்கினால் 72 மணி நேரத்துக்குள் 14447 என்ற பயிர்க் காப்பீட்டு எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். கோபுரங்கள் படுத்த ஊரில் இந்தக் கெடு எப்படிச் செல்லும் என்பதை அரசு யோசிக்க வேண்டும்.

அந்த விவசாயியின் கேள்விக்கு ஒவ்வொரு கண்மாய்க்கும் ஒரு பெயர் பதிலாக இருக்க வேண்டும். அந்தப் பெயரை எழுதிவைக்க ஒரு கிராம சபைக் கூட்டம் போதும்.