காற்றில் வறுபடும் காப்பி

குரங்கணிச் சரிவுகளிலிருந்து போடிநாயக்கனூருக்கு இறங்கும் காப்பிக்கொட்டையை வறுக்க இன்று இரு வழிகள் உண்டு. பழைய உருளையில் சூடேறிய இரும்பும் காற்றும் சேர்ந்து வறுக்கின்றன. 1970களில் அமெரிக்காவின் மைக்கேல் சிவெட்ஸ் பரப்பிய காற்று வறுப்பானிலோ வெங்காற்றே கொட்டையை மிதக்கவிட்டு வறுக்கிறது. உருளைக்குரிய நேரக்கணக்கை இதற்கும் பொருத்திவிட்டு, 'காற்றில் வறுத்தால் சுவையில்லை' என்போர் உளர். இத்தீர்ப்பை நாம் ஏற்பதற்கில்லை.

உருளை தான் பெற்ற வெப்பத்தை எளிதில் விடாது. எனவே கொட்டை முதன்முதல் படபடவென வெடிப்பதற்குச் சற்று முன்பே தீயைத் தணிக்க வேண்டும். காற்றோ சொன்னவுடன் கேட்கும். வறுவலும் விரைவில் முடியும். ஈரம் வற்றிக் கொட்டை இலேசாக இலேசாக, ஊதும் வேகத்தைக் குறைக்க வேண்டும். வேகம் குறைந்தால் சூடு ஏறும். அதையும் உடன் தணித்தாக வேண்டும்.

பாலில் கலக்கும் டிகாக்ஷனுக்குக் கனம் தருவது உருளையே என்பதில் நமக்கு ஐயமில்லை. எனினும் கொட்டையின் மணத்தையும் மெல்லிய புளிப்பையும் தெளிவாகக் காட்ட வல்லது காற்று. சிக்கரி கலந்த குவளையில் அம்மலையின் சுவையை நாம் எங்கே கண்டோம்? விளைவித்தவரே அதனை அறிய, கைப்பிடியளவு வறுக்கும் சிறு கருவி போதும். கடிகாரத்தைவிடக் கொட்டையின் வெடிப்பொலிக்குச் செவிகொடுக்க வேண்டும், அவ்வளவே.