கருவி சொன்னால் போதுமா?

மோட்டார்க் காருக்கு நோய் வந்தால் இன்று முதலில் தேடப்படுபவர் மெக்கானிக் அல்லர். ஸ்கேனர் என்னும் கையடக்கக் கருவியே. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் பதினாறு ஊசிச் சொருகியில் அதன் வாலைச் செருகியதும் ஓர் எழுத்தும் நான்கு இலக்கங்களும் திரையில் தோன்றுகின்றன. அவற்றுக்கு நேரே எந்தப் பாகத்தின் பெயர் இருக்கிறதோ அந்தப் பாகம் கழற்றப்படுகிறது, புதியது பூட்டப்படுகிறது, பில் நீட்டப்படுகிறது. இதற்குப் பழுது ஆய்வு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் இது ஆய்வே அன்று, குறி கேட்டல். உடுக்கையடித்துக் கோடங்கி ஒரு பெயரைச் சொன்னவுடன் சேவலைத் தேடி ஓடுவதற்கும் இதற்கும் எனக்கு அதிக வேற்றுமை தெரியவில்லை.

கருவியை நான் பழிக்கவில்லை, நண்பர்களே. அது பொய் சொல்வதில்லை. ஆனால் அது சொல்லாததையும் நாம் கேட்டுவிடுகிறோம். இதை விளக்க ஒரே ஓர் உறுப்பை எடுத்துக்கொள்கிறேன்: பிரேக் எண்ணெயின் அழுத்தத்தை அளக்கும் சென்சார். இதற்குள் இருக்கும் இயற்பியல் முழுவதும் நாம் வகுப்பில் படித்ததுதான் என்பதே இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம்.

கார் வழுக்கும்போது தானே ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாகப் பிரேக் பிடித்து வண்டியை நேர்ப்படுத்தும் அமைப்பை இஎஸ்பி என்கிறார்கள். ஜெர்மனியின் போஷ் நிறுவனம் உருவாக்கிய அமைப்பு 1995இல் மெர்சிடிஸ் பென்ஸ் கார்களில் வந்தது. விலையுயர்ந்த கார்களின் ஆடம்பரமாக இருந்த அது சிறிய காருக்கும் இறங்கி வந்ததற்கு ஒரு விபத்துச் சோதனை காரணம். 1997இல் ஸ்வீடன் நாட்டுப் பத்திரிகை ஒன்று, சாலையில் திடீரென்று காட்டுமான் குறுக்கிட்டால் ஓட்டுநர் எப்படி வளைப்பாரோ அப்படி வளைத்துப் பார்த்தபோது, அதே நிறுவனத்தின் ஏ-கிளாஸ் கார் கவிழ்ந்தது. அதற்குப் பின் அந்தக் காரில் இஎஸ்பி கட்டாய உறுப்பாயிற்று.

இந்த அமைப்புக்கு, ஓட்டுநர் பெடலை எவ்வளவு அழுத்தத்தோடு மிதிக்கிறார் என்பது தெரிய வேண்டும். அதைச் சொல்வதுதான் நம் சென்சாரின் வேலை. கார் டயருக்கு நாம் 32 பிஎஸ்ஐ காற்றடிக்கிறோமே, அது ஏறக்குறைய 2.2 பார். வேகமாக வரும் வண்டியை ஓங்கி மிதித்து நிறுத்தும்போது பிரேக் குழாய்க்குள் 100 பார் வரை ஏறும். இந்த அழுத்தம் ஒரு மெல்லிய தகட்டை மயிரிழையளவு வளைக்கிறது. தகட்டின்மேல் நான்கு மின்தடைகள். வளையும்போது அவற்றின் மதிப்பு மாறுகிறது. அந்த நான்கும் சேர்ந்த அமைப்பு எது தெரியுமா? வீட்ஸ்டன் பாலம்! 1833இல் கிறிஸ்டி என்பவர் கண்டு, 1843இல் வீட்ஸ்டன் பரப்பிய அதே பாலம். கண்டவர் ஒருவர், பெயர் பெற்றவர் இன்னொருவர். அது தனிக் கதை. சிலிகானை அமுக்கினால் அதன் மின்தடை பெரிய அளவில் மாறும் என்று 1954இல் ஸ்மித் என்னும் அமெரிக்கர் அறிவித்த பிறகு இத்தகைய சென்சார்கள் கைக்குள் அடங்கும் அளவுக்குச் சிறுத்துவிட்டன.

சென்சாருக்கு மூன்று வயர்கள். ஒன்றில் 5 வோல்ட் போகிறது, ஒன்று எர்த், மூன்றாவது செய்தி கொண்டுவரும் வயர். பெரும்பாலான சென்சார்களில் அழுத்தம் எதுவும் இல்லாதபோது செய்தி வயரில் 0.5 வோல்ட்டும், முழு அழுத்தத்தில் 4.5 வோல்ட்டும் இருக்கும். முழு அழுத்தம் 250 பார் என்று வைத்துக்கொள்வோம். அழுத்தம் பூஜ்யமென்றால் மின்னழுத்தமும் பூஜ்யமாக இருக்கலாமே, 0.5 எதற்கு? வயர் அறுந்து போனாலும் பூஜ்யம்தான் வரும். அப்போது காலை எடுத்திருக்கிறாரா, வயர் அறுந்திருக்கிறதா என்று கம்ப்யூட்டரால் பிரித்தறிய இயலாது. மதிப்பெண் பூஜ்யம் வாங்கியவனையும் தேர்வுக்கே வராதவனையும் பட்டியலில் வேறு வேறாகக் குறிப்பதைப் போன்றது இது. இந்த நுட்பத்தை யோசித்தவரை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

இனி நாம் வந்த வழக்குக்கு வருவோம். கம்ப்யூட்டர் கண்டறிவது அந்த ஒரு வயரின் மின்னழுத்தத்தை மட்டுமே. அது வரம்புக்குக் கீழே போனாலோ மேலே போனாலோ குறியீடு ஒன்றை எழுதி வைத்து, மஞ்சள் விளக்கை ஏற்றுகிறது. குறியீட்டின் முதல் எழுத்து சி. சேஸிஸ் பகுதியைச் சேர்ந்தது என்பது பொருள். (எஞ்சினுக்கு ஒரு பி, பாடிக்கு ஒரு பி. ஆங்கிலத்தில் வேறு வேறு எழுத்துகள். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.) குறியீட்டின் விளக்கம், ‘பிரேக் அழுத்த சென்சார் சர்க்யூட், மின்னழுத்தம் குறைவு’ என்பது போல இருக்கும். சர்க்யூட் என்ற சொல்லைப் பாருங்கள். சென்சார், மூன்று வயர்கள், அவற்றை இணைக்கும் கனெக்டர்கள், 5 வோல்ட் கொடுக்கும் மூலம் எல்லாம் சேர்ந்ததுதான் சர்க்யூட். பட்டறையில் அந்த ஒரு சொல் மட்டும் காதில் விழுவதில்லை. ‘சென்சார் போச்சு’ என்று தீர்ப்பு ஆகிவிடுகிறது.

என் தாய்மாமன் ஒரு பட்டறை வைத்திருக்கிறார். ஞாயிறுதோறும் அங்கே கணக்கெழுதுவது என் வேலை. சில மாதங்களுக்கு முன் ஒரு வாடகைக் கார் ஓட்டுநர் வந்தார். வேறோர் இடத்தில் புது சென்சார் மாற்றி, ஆயிரக்கணக்கில் பணம் கட்டி, மூன்றாம் நாளே விளக்கு மறுபடி எரிகிறது. இரண்டு சவாரி போயிற்று என்று அவர் சொன்னபோது முகத்தைப் பார்க்க முடியவில்லை. மாமா ஸ்கேனரைச் செருகினார். ஆனால் குறியீட்டைப் பார்க்கவில்லை. ஓடும் அளவுகளைப் பார்த்தார். பெடலில் கால் இல்லை. திரையோ 11 பார் என்றது. மிதித்தால் ஏறியது, விட்டால் இறங்கியது, ஆனால் 11க்குக் கீழே இறங்கவில்லை.

“சென்சார் வேலை செய்யுதுண்ணே. ஆனா பொய் சொல்லுது. யாரோ சொல்லச் சொல்றாங்க” என்றார் மாமா.

கனெக்டரைக் கழற்றி, மல்டிமீட்டர் வைத்து அளந்தால் சரியாக 5 வோல்ட். முன்பு பார்த்தவர்களும் இதைப் பார்த்திருப்பார்கள். வயரிங் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டியிருப்பார்கள். மாமா கனெக்டரை மறுபடி மாட்டி, சென்சார் வேலை செய்துகொண்டிருக்கும்போதே பின்புறமாக ஊசியைச் செருகி, அதன் எர்த் முனைக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே அளந்தார். 0.2 வோல்ட்! அங்கே ஏறக்குறைய ஒன்றுமே இருக்கக் கூடாது. வயரைப் பின்தொடர்ந்து போனால், பேட்டரித் தட்டின் கீழே இருந்த ஓர் இணைப்பில் பச்சையாகக் களிம்பேறியிருந்தது.

அன்றிரவு கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் இதைப் போட்டுப் பார்த்தேன். சென்சார் 10 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் எடுப்பதாகவும், களிம்பின் தடை 20 ஓம் என்றும் கொள்வோம். ஓம் விதிப்படி களிம்பிலேயே 0.2 வோல்ட் விழுந்துவிடுகிறது. சென்சாருக்குக் கிடைப்பது 4.8 வோல்ட், அதில் பத்தில் ஒரு பங்கு, 0.48 வோல்ட், அதன் வெறும்நிலைச் செய்தி. ஆனால் அதன் எர்த்தே 0.2 உயர்ந்து நிற்பதால் கம்ப்யூட்டருக்குத் தெரிவது 0.68. 0.5க்கு மேலே இருக்கும் 0.18 வோல்ட்டை அழுத்தமாக மாற்றினால் 11.25 பார். கால் வைக்காத பெடலில் 11 பார் எங்கிருந்து வந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டுமா? புது சென்சாரும் பழைய சென்சாரும் இதில் ஒன்றே; இரண்டும் குற்றமற்றவை.

கழற்றி அளந்தபோது மட்டும் ஏன் 5 வோல்ட் காட்டியது? மல்டிமீட்டர் ஏறக்குறைய மின்னோட்டமே எடுப்பதில்லை. ஓட்டம் இல்லாத இடத்தில் தடையால் இழப்பும் இல்லை. மின்கலத்தின் அகத்தடையைப் பற்றிப் படிக்கும்போது, சுமை இல்லாமல் அளந்தால் ஒன்று, சுமையோடு அளந்தால் ஒன்று என்று நாம் எழுதியிருக்கிறோமே, அதே உண்மை. நமக்கு அது பத்து மதிப்பெண். அந்த ஓட்டுநருக்கு மூன்று நாள் பிழைப்பு.

குற்றவாளி வேறிடத்திலும் ஒளியலாம். பெடலை மிதிக்கும்போது பின்விளக்கை ஏற்றும் சுவிட்ச் இருக்கிறது. சில கார்களில் கம்ப்யூட்டர் அதையும் சென்சாரையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. சுவிட்ச் இடம் நகர்ந்து தாமதமாக வேலை செய்தால், ‘மிதிக்கவில்லை’ என்கிறது ஒரு சாட்சி; ‘அழுத்தம் இருக்கிறது’ என்கிறது மற்றொரு சாட்சி. யார் பொய்யர் என்று கம்ப்யூட்டரால் காண முடியாது. சில வேளைகளில் நேர்மையான சாட்சியின் பெயரைத்தான் எழுதி வைக்கிறது.

தேவையற்ற பாகமாற்றத்தைப் பணநஷ்டமாக மட்டும் நான் பார்க்கவில்லை. இந்த சென்சாரைக் கழற்றினால் பிரேக் குழாயைத் திறக்க வேண்டும். உள்ளே காற்று புகும். அதை முற்றாக வெளியேற்றாவிட்டால் பெடல் பஞ்சு போல அமுங்கும். விளக்கை அணைக்கப் போய் பிரேக்கைக் கெடுத்தவர்கள் ஆவோம். புதிய கார்கள் பலவற்றில் சென்சார் தனியாகக் கிடைப்பதும் இல்லை. எண்ணெய் வால்வுகள் அடங்கிய பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. அங்கே தவறான தீர்ப்பின் விலை பெட்டி முழுவதும்.

அப்படியானால் ஏன் எல்லோரும் மாற்றிப் பார்க்கிறார்கள்? மெக்கானிக்குகளின் சோம்பல் என்று சொல்லிவிடுவது எளிது, அது அநியாயம். மாமா ஒன்றரை மணி நேரம் தேடி, இணைப்பைப் புதுப்பித்து 600 ரூபாய் கேட்டபோது அதே ஓட்டுநர், “வயரைத் துடைச்சதுக்கா அண்ணே இவ்வளவு?” என்றார். பொருளுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்தவருக்குப் பொருள் கையில் வராத வேலைக்குக் கொடுக்க மனம் வரவில்லை. அவரைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை; நாம் எல்லோரும் அப்படித்தான். மருத்துவர் மருந்தே எழுதாமல் ‘உனக்கு ஒன்றுமில்லை’ என்றாலும் கட்டணம் கொடுத்துவிட்டு நிம்மதியாக வருகிறோம். மெக்கானிக்கிடம் மட்டும், ‘பார்த்ததற்குக் காசா?’ என்கிறோம். கண்டுபிடிப்பதற்குக் கூலி இல்லாத ஊரில் மாற்றிப் போடுவதே தொழிலாகும். பட்டறைகள் ஆய்வுக் கட்டணத்தைத் தனியாகப் பலகையில் எழுதி வைக்க வேண்டும். நாமும் முகஞ்சுளிக்காமல் கொடுக்க வேண்டும் என்பது என் துணிபு.

வயரிங் படம் இல்லாமல் தேடுவது இருட்டில் ஊசி தேடுவது. தயாரிப்பாளர்கள் பழுதுபார்க்கும் தகவல்களை வெளிப் பட்டறைகளுக்கும் தர வேண்டும் என்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012இல் சட்டம் கொண்டுவந்தது. நம் நாட்டிலும் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஓர் இணையவாயிலைத் திறந்தது. மோட்டார் வாகனங்களும் அதில் அடக்கம். நல்லதே. ஆயினும் படம் கிடைத்தால் அதைப் படிக்கிறவர் வேண்டும். பட்டறையில் இருக்கும் பையன்களுக்கு வயரைத் தொட்டுப் பழக்கம் உண்டு. படத்தைப் படிக்கச் சொல்லிக் கொடுத்தவர் இல்லை. நமக்கோ படம் கண்ணை மூடினாலும் வரும்; வயரைத் தொட்டதில்லை.

நம் ஆய்வுக்கூடத்தில் எல்லாச் சோதனைகளும் நன்றாக ஓடும் கருவிகளைக் கொண்டே நடக்கின்றன. கால்வனாமீட்டர் முள் அசையவில்லையென்றால் ‘சார், ஓடவில்லை’ என்று உதவியாளரைக் கூப்பிடுகிறோம். அவர் வந்து தடைப்பெட்டியின் செருகு கட்டைகளை உப்புத்தாளில் தேய்த்து அழுத்தி வைத்ததும் முள் அசைகிறது. அவர் செய்தது மாமா செய்த அதே வேலை. அதைக் கவனித்துப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்?

ஆகவே விரிவுரையாளர்களை ஒன்று வேண்டுகிறேன். பருவத்துக்கு ஒரு நாள், மாணவர் வரும் முன்பே சுற்றில் ஒரு பழுதை மறைத்து வையுங்கள்: உறைக்குள் அறுந்த வயர், துருவேறிய முனை, இளகிய செருகு கட்டை, எதுவாயினும் சரி. எதை முதலில் சோதித்தான், எதனால் எதை விலக்கினான் என்று ரெக்கார்டில் எழுதச் சொல்லுங்கள். பழுதைக் கண்டுபிடிக்காவிட்டாலும், விலக்கிய வரிசை சரியாக இருந்தால் பாராட்டுங்கள். பாடத்திட்டத்தில் இடமில்லை என்பீர்கள். ரெக்கார்டுகளில் கையெழுத்து முடிந்து, தேர்வுக்கு முன் ஆய்வுக்கூடம் சும்மா கிடக்கும் அந்த ஒரு வாரம் போதும். செலவும் இல்லை. அந்த ஓட்டுநரின் பழைய சென்சார் மாமாவின் அலமாரியில் இருக்கிறது. 5 வோல்ட் கொடுத்தால் இன்றும் ஒழுங்காக 0.5 வோல்ட் தருகிறது. துறைத் தலைவர் சம்மதித்தால் அதை ஆய்வுக்கூடத்துக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.