வெளிமானும் மதிலும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்களுக்கிடையே முற்காலத்தில் வயலும் ஏரியும் விரிந்து கிடந்தன. இன்று அங்கே தொழிற்சாலைகளும் வீடுகளும் நெருங்கி நிற்கின்றன. சென்னை மாநகர் இவ்வாறு மேற்கிலும் தெற்கிலும் பரந்தபொழுது, நடுவே தீவுபோல எஞ்சியது கிண்டிக் காடு. 1978ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அதன் பரப்பு ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டரே. அங்கும், அதனை அடுத்த இந்தியத் தொழில்நுட்பக் கழக வளாகத்திலும் வெளிமான்கள் வாழ்கின்றன.

வெளி என்பது திறந்த நிலம். இவ்விலங்குக்கு அப்பெயர் மிகவும் பொருந்தும். புல் நிலத்தில் மேய்ந்து, பகையைத் தொலைவிலேயே கண்டு, விரைந்தோடித் தப்புவது இதன் இயல்பு. புதர் அடர்ந்த இடம் புள்ளிமானுக்கு ஏற்கும், வெளிமானுக்கு ஏலாது. கிண்டியில் புள்ளிமான் மிகுந்தும் வெளிமான் குறைந்தும் இருப்பதற்கு இஃது ஒரு காரணமாகும்.

மதிலுக்கு அப்பால் சாலை. சாலைக்கு அப்பால் நகரம். கோடியக்கரையிலும் வல்லநாட்டிலும் உள்ள தம் இனத்தோடு இம்மான்கள் கலத்தற்கு வழியில்லை. சிறு கூட்டம் தனக்குள்ளேயே தலைமுறைதோறும் கலந்து வருமாயின், தாயிடத்தும் தந்தையிடத்தும் மறைந்து கிடந்த குறைகள் கன்றினிடத்து ஒன்றுகூடி வெளிப்படும். வலிய கலை ஒன்றே பல பிணைகளின் கன்றுகட்குத் தந்தையாவதும் உண்டு. ஆதலின் தலைகளை எண்ணி மனநிறைவு கொள்ளுதல் தவறு. எண்ணிக்கையில் நூறு இருப்பினும், மரபு வளத்தில் அவை மிகச் சிலவே.

மரபணுவின் எழுத்து மாறாதிருக்க, அது படிக்கப்படும் முறை மட்டும் மாறுதலும் உண்டு என்பது இக்கால அறிவியல் கண்ட உண்மை. டி.என்.ஏ. இழையின்மீது மெத்தில் என்னும் சிறு வேதிக்குறிகள் படிந்து சில மரபணுக்களை அடக்கி வைக்கின்றன. அரசித் தேனீயும் வேலைக்காரத் தேனீயும் ஒரே வகை முட்டையிலிருந்து தோன்றுவன. புழுப்பருவத்தில் ஊட்டப்படும் உணவே அவற்றை வேறுபடுத்துகிறது. 1944-45ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் நெதர்லாந்து நாட்டைப் பஞ்சம் வாட்டியது. அப்போது கருவில் இருந்தோரிடம் அறுபது ஆண்டுகட்குப் பின்னரும் இக்குறிகளில் வேறுபாடு காணப்பட்டது. தாயின் பசி பிள்ளையின் உடலில் எழுதி வைத்த கணக்கு அது!

இதனைக் கேட்ட சிலர், "மானும் இடத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும்; கவலை வேண்டா" என்று கூறக்கூடும். அது பொருந்தாது. காட்டு விலங்குகளைப் பற்றிய இவ்வாராய்ச்சி இன்னும் இளமைப் பருவத்திலேயே உள்ளது. மேலும், குறி இருப்பதை அடக்கலாம், எழுப்பலாம். இழந்த மரபணுவைப் படைத்துத் தாராது.

வேறிடத்து மான்களைக் கொணர்ந்து சேர்க்கலாம் என்பாரும் உளர். தக்க வழிதான்; ஆனால் முறை பிறழலாகாது. மேய நிலமின்றிப் புதுக் குருதி மட்டும் வந்து பயனென்ன? போலோ மைதானம் என வழங்கும் புல்வெளியைப் புதர் மூடாமல் காத்தல் முதற்பணி. தெருநாய்கள் புகும் வழியை அடைத்தல் அதனோடு சேர்ந்த பணி. அதன் பின்னரே, நோயற்றவை எனத் தேர்ந்த சில கலைகளையும் பிணைகளையும் கோடியக்கரையிலிருந்து கொணரலாம். பிடிக்கும்பொழுதே அச்சத்தால் மான் உயிர் துறத்தலும் உண்டு. ஆதலின் பழகிய விலங்கு மருத்துவர் உடனிருந்தாலன்றி அப்பணியைத் தொடங்குதல் கூடாது.