வறட்சிக் காலத்து நீர் விலக்கும் கடைமடையின் நியாயமும்

மழை பொய்த்த வருஷங்களில் நீரைக் கட்டுப்படுத்தி முறைவைத்துப் பாய்ச்சுவது அவசியமென்பதை எந்தக் குடியானவரும் மறுக்கார். சச்சரவு உண்டாவது கட்டுப்பாட்டினாலன்று. அதினின்றும் சிலருக்கு அளிக்கப்படும் விலக்கினாலேயே ஆகும்.

தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளுள் கடைசியானது ஸ்ரீவைகுண்டம். மேலேயுள்ள ஏழும் எடுத்தது போக எஞ்சியதே அதன் வடகாலுக்கும் தென்காலுக்கும் வந்து சேரும். அதற்கும் கீழே, கடலை அடுத்துள்ள ஆத்தூர், காயல்பட்டினம் பக்கங்களில் ஆற்றோட்டம் குன்றினால் கிணறுகளில் உவர் ஏறுகிறது. வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் வாடுகின்றன. ஆகவே விலக்கின் பலனை அநுபவிப்பவர் ஒருவர்; அதன் நஷ்டத்தை ஏற்பவர் மற்றொருவர்.

2016-ஆம் வருஷம் வடகிழக்குப் பருவமழை தவறியது. 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதும் வறட்சிப் பிரதேசமென அரசாங்கத்தார் அறிவித்தனர். கங்கைகொண்டான் சிப்காட் வளாகத்துக் குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணி நீர் வழங்குவதை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2016 நவம்பரில் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. 2017 மார்ச்சில் அத்தடை நீங்கியது. ஆலைகளுக்குக் கொடுப்பது உபரி நீரே என்பது அப்பொழுது எழுந்த வாதம். தீர்ப்பைப் பற்றிப் பேசுவது எமது நோக்கமன்று. ஆயினும் உபரி என்பதை எவ்விடத்தில் நின்று அளப்பது? தலைமடையில் நின்று பார்ப்பவருக்கு எப்பொழுதும் உபரிதான். கடைமடை வயலும் குடிநீர்க் கிணறும் நிறைந்தபின் மிஞ்சுவதே உபரி என்பது எமது அபிப்பிராயம்.

இந்நியாயம் ஆலைகளுக்கு மட்டும் உரியதன்று. 2015 ஏப்ரலில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநில கவர்னர், நகரங்களின் நீர்ச்செலவில் 25 சதவிகிதம் குறைக்க உத்தரவிட்டபோது விவசாயம் அதில் சேர்க்கப்படவில்லை. வீட்டுப் புல்தரையைக் காயவிட்ட நகரத்தார், உழவருக்கு மட்டும் விலக்கு ஏன் என்று கேட்டனர். நம்மையும் அவ்வாறே கேட்கக்கூடும். குலை தள்ளும் வாழைக்கு நீர் தவறினால் வருஷத்து உழைப்பே வீணாகும். அருகம்புல்லோ காய்ந்தாலும் மழை கண்டதும் துளிர்க்கும். ஆகையால் நிற்கும் பயிருக்கு விலக்குக் கேட்பது நியாயமே. வறட்சி தெரிந்தபின் புதிதாக நடும் நாற்றுக்கும் அதையே கேட்பது நியாயமன்று. அலுவலகப் பூந்தோட்டங்களுக்கும், எமது இலாகாவின் செய்முறைப் பாத்திகளுக்குங்கூட விலக்கு வேண்டுவதற்கில்லை.

எனவே கிராம அதிகாரிகளும் பாசன சங்கத்தாரும் ஒன்று செய்தல் நலம். விலக்கு யாருக்கு, எப்பயிருக்கு, எத்தனை மணி நேரம், எந்தத் தேதி வரை என்பதை எழுதி, மடைமுகத்திலும் கிராம அலுவலகத்திலும் யாவரும் காண ஒட்டிவைக்க வேண்டும். தேதி கடந்தால் மறுபடியும் காரணம் காட்டிக் கேட்கட்டும். விலக்கு அளிக்கு முன் கடைமடைக்காரர் ஒருவரையேனும் அழைத்து விசாரித்தல் வேண்டும்.

எல்லாரும் அறியக் கொடுத்த விலக்கைக் கடைமடைக்காரர் பொறுத்துக்கொள்வர். இரவில் மறைவாகத் திறந்த மடையையோ எவரும் பொறார். வறட்சி ஒரு பருவத்தோடு நீங்கும். அதனால் விளைந்த பகை தலைமுறைக்கும் நீங்காது என்பதை நிலச்சுவான்தார்கள் சிந்திப்பார்களாக.