தோட்டக் கிணறும் எங்கள் குழந்தைகளும்

சென்ற ஆண்டு தை மாதத்தில் ஒருநாட் காலை. வெங்காயத்துக்கு நீர் இறைத்து முடித்து நிமிர்ந்தபோது, மூன்றரை வயதுப் பேரனைக் காணவில்லை. ஒழுங்கையில் இல்லை; மாட்டுக் கொட்டிலில் இல்லை; வைக்கோற் போரின் பின்னாலும் இல்லை. தோட்டக் கிணற்றின் ஓரத்தில் அவனுடைய ஒற்றைச் செருப்பு மட்டும் கிடந்தது.

அயலிலிருந்து ஓடிவந்த இளைஞர் இருவர் கிணற்றினுள் இறங்கித் துழாவினர். மாரி மழைக்குப் பின் நீர் வெகு மேலே நின்றது. அந்த அரைமணி நேரத்தை நாம் இங்கே விவரிக்கப் போவதில்லை. பிள்ளை கொட்டகையில் சாக்குகளுக்கிடையே அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தான். அவனுடைய தாய் அன்று எம்மிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. கிணற்றுக்குக் கட்டு எழுப்புவோம் என்று எத்தனையோ ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் நாமே.

எங்கள் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றில்லை. சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரே எமக்குக் குடிநீர். அதுவே பயிருக்கும் நீர். ஆதலின் வளவுதோறும் கிணறு, தோட்டந்தோறும் கிணறு. வீட்டுக் கிணற்றுக்குக் கட்டுக் கட்டும் எம்மவர், தோட்டக் கிணற்றை வாய் திறந்தபடியே விட்டுவிடுவதுண்டு. துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில், இறைப்பவர் நின்று பட்டையைக் கவிழ்க்க ஒரு பக்கம் திறந்திருக்க வேண்டியதாயிற்று. துலா மறைந்து நீரிறைக்கும் இயந்திரம் வந்துவிட்டது. திறந்த பக்கம் மட்டும் அப்படியே நிற்கிறது. வலிகாமத்தில் கல்லை வெட்டி இறக்கிய கிணறுகளின் சுவர் செங்குத்தானது. விழுந்த குழந்தைக்குப் பற்றிக்கொள்ள ஒன்றுமிராது. மணற்பாங்கான இடங்களிலுள்ள துரவுகளோ சரிந்த கரையுடையவை. கால் வைத்தால் மணலோடு சறுக்கிவிடும்.

நீரில் விழுந்த குழந்தை கூக்குரலிடும் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. மூச்சுக்குத் திணறும் குழந்தைக்குக் குரல் எழும்பாது. இரண்டொரு நிமிடங்களில் யாவும் முடிந்துவிடக்கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி மாண்டனர். அவர்களுள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். அதே ஆண்டில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை யூலை 25ஆந் திகதியை நீரில் மூழ்குதலைத் தடுக்கும் நாளாகப் பிரகடனஞ் செய்தது.

குளமும் குட்டையும் மலிந்த வங்காளதேசத்தில் ஓர் ஏற்பாடு செய்திருக்கின்றனர். தாய்மார் வேலையில் மூழ்கியிருக்கும் காலை வேளைகளில், கிராமத்துப் பெண் ஒருவர் தம் வீட்டிலேயே அயற் குழந்தைகளை ஒன்றுகூட்டிப் பார்த்துக்கொள்கிறார். அந்த இல்லங்களுக்கு ‘ஆஞ்சல்’ என்று பெயர். முந்தானை என்பது பொருள். எங்கள் ஊர்களில் முன்பள்ளிகள் உள. ஆயின் அவற்றிற் சேரும் வயதை எட்டாத, தத்தித் தத்தி நடக்கும் பருவத்துப் பிள்ளைகளே பெரும் ஆபத்தில் இருப்பவர்கள். வெங்காயம் கிண்டும் நாட்களில் தாயும் தந்தையும் தோட்டத்தில் நிற்க, ஏழு வயது அக்காளிடம் தம்பியை ஒப்படைத்துச் செல்வது காவலாகாது. அயலிலுள்ள நான்கு குடும்பங்கள் முறைவைத்துக்கொண்டால், நாளுக்கு ஒருவர் வீட்டில் நிற்பது இயலாத காரியமா?

கட்டு எழுப்பப் பணமில்லை என்போரும் உளர். உண்மைதான், சீமெந்தின் விலையை நாமும் அறிவோம். கிணற்றைச் சுற்றிக் கதியால் நட்டு, பனைமட்டை வரிந்து, கொளுக்கியுடன் ஒரு படலை போட அவ்வளவு செலவில்லை. கட்டு இருந்தாலும் அதனருகே கல்லையோ கவிழ்த்த வாளியையோ விட்டுவைத்தல் கூடாது. குழந்தைக்கு அது ஏணி.

1990இல் இடம்பெயர்ந்து, பல்லாண்டுகளின் பின் வலிகாமம் வடக்கில் தம் காணிகளை மீளப் பெற்றவர்கள் வேறோர் இடரையும் கண்டார்கள். கட்டு இடிந்து, பற்றை மூடி, கிணறு இருப்பதே தெரியாத வளவுகள் பல. பெரியவர்கள் துப்புரவாக்கி அடையாளமிடும் வரை சிறுவர்களை அங்கே விடலாகாது. முகமாலைப் பக்கம் போன்ற பழைய போர்முனைகளில் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகையைக் கண்டால் விளையாட்டுக்கும் அப்பாற் செல்லக்கூடாதென்று அவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

இயந்திரத்துக்கென வைத்திருக்கும் மண்ணெண்ணெயைச் சோடாப் போத்தலில் ஊற்றிவைக்கும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. அதைக் குடித்துவிட்ட குழந்தையை வாந்தியெடுக்கச் செய்யாதீர்கள். எண்ணெய் சுவாசப்பைக்குட் புகுந்துவிடும். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். பயிருக்குத் தெளிக்கும் மருந்து அதற்குரிய போத்தலிலேயே, பூட்டிய பெட்டிக்குள் இருக்கட்டும்.

நீரிலிருந்து எடுத்த பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கிச் சுழற்றுவதை நாம் கண்டிருக்கிறோம். அதனாற் பயனில்லை, பொன்னான நேரமே வீணாகும். மூச்சில்லாவிடின் மல்லாக்கக் கிடத்தி, வாயோடு வாய் வைத்து ஊதி, மார்பை அழுத்தும் முதலுதவியை உடனே தொடங்க வேண்டும். மற்றொருவர் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச நோயாளர் வண்டி வரும். இம்முதலுதவியை வீட்டுக்கு ஒருவராவது பழகியிருத்தல் நன்று. நாம் அறுபது வயது கடந்த பின்னரே பழகினோம்.

எமது தோட்டக் கிணற்றுக்கு இப்போது இடுப்பளவு கட்டு இருக்கிறது. மேலே கம்பி வலையும் இருக்கிறது. ஆறு வயது நிறைந்ததும் நீந்தப் பழக்குவதாகப் பேரனுக்கு வாக்களித்திருக்கிறோம். கீரிமலைக் கேணிக்கு எப்போது போவது என்று நாள்தோறும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.