சந்தைக்கு வராத ஆய்வு வீணா?

காந்தப் பதிவுத் துறையில் ஆய்வு செய்கிறேன் என்றதும் பலரும் கேட்பது ஒன்றே: "வடிவமைத்த ஊடகம்தான் தோற்றுப்போயிற்றே, இனியும் அதில் என்ன இருக்கிறது?" பாலக்காட்டில் 2015 முதல் ஐஐடி இயங்குகிறது. வடகரப்பதியின் தமிழ்வழிப் பள்ளிகளிலிருந்து அறிவியல் படிக்கச் செல்லும் தம்பி தங்கைகளும் நாளை ஆய்வுத் தலைப்பைத் தேர்கையில் இக்கேள்வியை எதிர்கொள்வார்கள். ஆதலால் என் கருத்தை இங்கே பதிவு செய்கிறேன்.

முதலில் சிக்கலைப் பார்ப்போம். வன்வட்டில் ஒரு பிட் என்பது ஒழுங்கற்றுப் பரவிய பல காந்தத் துகள்களின் கூட்டம். அடர்த்தி கூட வேண்டுமாயின் துகள் சிறுக்க வேண்டும். ஓர் அளவுக்குக் கீழே சென்றால் அறை வெப்பமே துகளின் காந்தத் திசையைப் புரட்டிவிடும், எழுதியது அழியும். வெப்பத்துக்கு அசையாத பொருளைத் தேர்ந்தாலோ, எழுதுமுனையின் காந்தப்புலம் அதைத் திருப்பப் போதாது.

இதற்கொரு தீர்வே வடிவமைத்த ஊடகம். கடலைக்காட்டில் வரப்பெடுத்துப் பாத்தி பிரிப்பதுபோல, வட்டின் பரப்பில் தனித்தனிக் காந்தத் தீவுகளைச் செதுக்கி, தீவுக்கு ஒரு பிட் என வைப்பது. பல துகள்களின் இடத்தில் ஒரே பெரிய காந்தம் நிற்பதால் வெப்பத்தைத் தாங்கும். சதுர அங்குலத்துக்கு 1 டெராபிட் எனில், தீவுகளின் இடைவெளி மையத்துக்கு மையம் ஏறத்தாழ 25 நானோமீட்டர்.

இது வெறும் கற்பனையன்று. சிங்கப்பூரில் ஜோயல் யாங்கின் குழு 2011இல், எலக்ட்ரான் கற்றை லித்தோகிராஃபியின் டெவலப்பர் கரைசலில் உப்பைச் சேர்த்து, சதுர அங்குலத்துக்கு 3.3 டெராபிட் அடர்த்தி வரை தீவுகளை உருவாக்கியது, 1.9 டெராபிட் அடர்த்தியில் தரவைப் பதியவும் இயலும் எனக் காட்டியது.

பிறகு ஏன் கடைக்கு வரவில்லை? ஒவ்வொரு வட்டிலும் லட்சம் கோடிக் கணக்கில் தீவுகளைப் பிழையின்றி அச்சிட வேண்டும். சுழலும் வட்டில் எழுதுமுனை ஒவ்வொரு தீவையும் சரியான கணத்தில் சந்திக்க வேண்டும். லேசரால் நொடிப்பொழுது சூடாக்கி எழுதும் முறைக்கோ இந்தச் செதுக்கல் தேவையில்லை. சீகேட் நிறுவனம் 2024இல் வட்டுக்கு 3 டெராபைட் கொள்ளும் வன்வட்டுகளை அம்முறையில் அறிவித்தது. வடிவமைத்த ஊடகத்தைத் தடுத்தது இயற்பியலைவிட உற்பத்திக் கணக்கே.

ஆயினும் உழைப்பு வீண்போகவில்லை. வடிவமைத்த ஊடகத்துக்காக நானோ அச்சுமுறையை வளர்த்த நிறுவனங்களுள் மாலிக்யுலர் இம்ப்ரின்ட்ஸ் ஒன்று. அதன் குறைக்கடத்திப் பிரிவை கேனான் 2014இல் வாங்கியது. 2023இல் சில்லு தயாரிக்கும் நானோ அச்சு இயந்திரத்தை விற்பனைக்கு அறிவித்தது. வன்வட்டுக்காகப் பழகிய கலை இன்று சில்லுத் தொழிலின் வாசலில் நிற்கிறது. சூடாக்கி எழுதும் முறையும் துகள்களை நம்பியதே. அதன் எல்லை வரும்போது தீவுகளையும் வெப்பத்தையும் இணைக்கும் யோசனை முன்பே ஆராயப்பட்டுக் காத்திருக்கிறது.

எனினும் ஆய்வாளர்களாகிய நம்மிடமும் ஒரு குறை உண்டு. அடர்த்தி எண்ணைக் கொண்டாடும் நாம், ஒரு வட்டைச் செய்ய எவ்வளவு நேரமும் பணமும் ஆகும் என்று எழுதுவது அரிது. ஆய்வேட்டில் அதற்கென ஓர் அத்தியாயத்தைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. இளையோருக்குச் சொல்வது இதுவே: சந்தை கைவிட்டதென்பதற்காக ஒரு தலைப்பை ஒதுக்காதீர்கள், ஏன் கைவிட்டது என்பதைக் கணக்கிட்டுத் தெரிந்துகொண்டபின் தேர்ந்தெடுங்கள்.